எதை எதற்கெதிரே வரைவது?

கணினித் திரையில் வரைபு வரைவதைப் பற்றி எழுதத் தமிழாசிரியருக்கு என்ன இருக்கிறது என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். வினாவில் நியாயம் உண்டு. பல்கலைக்கழகத்தில் நாம் கற்றவை இலக்கணமும் இலக்கியமுமே. அச்சுகளும் ஆள்கூறுகளும் அல்ல. ஆயினும் புத்தளம் மாவட்டத்தின் கரையோரப் பாடசாலைகளில் பணிபுரிவோர் தத்தம் பாடத்தின் எல்லைக்குள் நின்றுவிட இயல்வதில்லை. ஓர் ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்றால், அவர் இடத்துக்கு வேறொருவர் வரும்வரை, ஓய்வுப் பாடவேளை எவரிடம் உண்டோ அவரே அவ்வகுப்புக்குப் பொறுப்பு. பத்தாந் தரத்தின் தகவல் தொழினுட்பப் பாடவேளைகள் அவ்வாறுதான் நம் கைக்கு வந்து சேர்ந்தன. விரிதாளில் எண்களை இட்டு அவற்றுக்கு வரைபு வரையும் அலகை இரண்டு தவணைகள் மாணவரோடு சேர்ந்து பயின்றோம். அப்பயிற்சியின் முடிவில் நமக்குப் புலனானது இது: வரைபு வரைவது வாக்கியம் அமைப்பதைப் பெரிதும் ஒத்த தொழில், ஆதலின் தமிழாசிரியருக்கும் அங்கு வேலை உண்டு.

வாக்கியத்தில் எழுவாய் எது, பயனிலை எது என்று முதலில் தீர்மானிக்கிறோம். வரைபில் கிடை அச்சில் எதை வைப்பது, நிலைக்குத்து அச்சில் எதை வைப்பது என்று தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. கிடை அச்சில் ஆண்டையும் நிலைக்குத்து அச்சில் நெல் விளைச்சலையும் வைத்தவர், “ஆண்டு செல்லச் செல்ல விளைச்சல் இவ்வாறாயிற்று” என்ற வாக்கியத்தை எழுதியவராகிறார். ஆண்டின் இடத்தில் உரத்தின் விலையை வைத்தால் வாக்கியம் வேறு; எண்கள் அவையேயாயினும் பொருள் வேறு. செயப்பாட்டு வினையைப் பயன்படுத்திச் செய்தவனை மறைப்பது எப்படி என்பதை இலக்கண வகுப்பில் எடுத்துக்காட்டுகிறோம். “காணி எடுக்கப்பட்டது”, “கூலி குறைக்கப்பட்டது” என்று எழுதிவிட்டால் எடுத்தவரும் குறைத்தவரும் வாக்கியத்துக்கு வெளியே போய்விடுவர். வரைபிலும் இது நிகழ்கிறது. அச்சில் இடம்பெறாத காரணி நிகழ்ச்சிக்கே தொடர்பற்றதாய்த் தோன்றிவிடுகிறது.

மென்பொருள் இத்தீர்மானத்தை நமக்காகச் செய்வதில்லை; செய்வதுபோல் காட்டிக்கொள்ள மட்டும் செய்கிறது. எக்செல் ஆயினும் லிப்ரே ஆபீஸ் கால்க் ஆயினும், அட்டவணையைத் தெரிவுசெய்து வரைபுக்கான பொத்தானைச் சொடுக்கிய மறுகணமே ஏதோ ஒரு படம் திரையில் வந்து நிற்கிறது. முதல் நாள் வகுப்பில் மாணவர் ஆண்டு என்ற நிரலையும் புள்ளி என்ற நிரலையும் சேர்த்துத் தெரிவுசெய்து கோட்டு வரைபைக் கேட்டனர். முதல் நிரல் பெயர்க்குறிப்பு என்பதை அவர்கள் சொல்லவில்லை. ஆகவே ஆண்டுகளே ஒரு கோடாகி இரண்டாயிரத்தை ஒட்டி மேலே கிடந்தன. நூறுக்குள் அடங்கிய புள்ளிகள் அடியில் நசுங்கித் தரையோடு தரையாயின. வகுப்பே சிரித்தது. இவ்வகைப் பிழை தீங்கற்றது, பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஒழுங்காகவும் அழகாகவும் வந்து நின்று, கேள்வி எழுப்பாமலே நம்மை நம்பவைக்கும் படமே அச்சத்துக்குரியது.

அத்தகைய படம் ஒன்றை நம் மாவட்டத்தின் குடித்தொகையை வைத்தே மாணவர் வரைந்தனர். 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி புத்தளம் மாவட்டத்தில் 492,533 பேர். 2001இல் 709,677 பேர். 2012இல் 762,396 பேர். மூன்று எண்களையும் இட்டுக் கோட்டு வரைபைக் கேட்டதும், முதற்பாதி செங்குத்தாய் ஏறிப் பிற்பாதி சாய்ந்து படுத்த கோடு ஒன்று வந்தது. முதற் பகுதியின் ஏற்றம் இரண்டாவதைப் போல் நான்கு மடங்குக்கு மேல். ஆனால் 1981க்கும் 2001க்கும் இடையே 20 ஆண்டுகள். 2001க்கும் 2012க்கும் இடையே 11 ஆண்டுகள். கோட்டு வரைபு ஆண்டை எண்ணாகக் கொள்ளாமல் பெயராகக் கொண்டு, மூன்று ஆண்டுகளையும் சம இடைவெளியில் நிறுத்திவிட்டது. அதே எண்களைச் சிதறல் வரைபாக மாற்றினோம். அவ்வகையில் கிடை அச்சும் எண்களால் அளக்கப்படுகிறது. அப்போது ஆண்டொன்றுக்கான பெருக்கம் முன்னதில் பின்னதைப் போல் ஏறத்தாழ இரண்டே கால் மடங்கு என்ற உண்மை வெளிப்பட்டது. நான்கு மடங்கு இரண்டே காலாகச் சுருங்கியது ஒரு சொடுக்கினால்.

அத்தோடு வினா முடியவில்லை. இரு புள்ளிகளுக்கிடையே மென்பொருள் நேர்கோடு இழுக்கிறது. அவ்விருபது ஆண்டுகளில் என்ன நடந்தது என்று அது கேட்பதில்லை. போரின் காரணமாக 1991இல் எடுக்கப்பட வேண்டிய மதிப்பீடு எடுக்கப்படவேயில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் மிகப் பெருந்தொகையினர் வந்து தங்கியது புத்தளத்திலும் கற்பிட்டியிலுமே. அவ்வேற்றத்தின் ஒரு பகுதி பிறப்பாலும் வளத்தாலும் விளைந்ததன்று. வீடிழந்தவர்களின் வருகையால் விளைந்தது. நம் வகுப்பில் அமர்ந்திருந்த பிள்ளைகளிற் சிலர் அவ்வாறு வந்தோரின் பேரப்பிள்ளைகள். “வளர்ச்சி” என்று தலைப்பிட்டிருந்த அப்படத்தில் தம் பாட்டன்மாரின் துயரம் ஒரு நேர்கோடாய் நீண்டு கிடப்பதை அவர்கள் அன்று கண்டனர். தலைப்பை அவர்களே அழித்தனர்.

அடுத்து உப்பை எடுத்துக்கொண்டோம். புத்தளம் என்றதும் நாட்டார் நினைப்பது உப்பையே. கடல் நீரையோ களப்பு நீரையோ பாத்தியிலிருந்து பாத்திக்கு மாற்றி வெயிலில் வற்றவிடுவதே இத்தொழிலின் அடிப்படை. போமே அளவில் 3 அல்லது 4 பாகை காட்டும் நீர் வற்றி வற்றி 25 பாகையை எட்டும்போது உப்புப் படியத் தொடங்குகிறது. 30 பாகையை நெருங்கும் முன் எஞ்சிய கசப்பு நீரை வடித்துவிடாவிட்டால் மக்னீசிய உப்புகள் கலந்து சரக்குக் கெட்டுவிடும். இவ்வளவையும் வாரக்கணக்கில் காத்துச் செய்த பின் ஒரே ஒரு பெருமழை பெய்தால் போதும், படிந்தது கரைந்துவிடும், உழைப்பு நீராகிவிடும்.

மழையையும் உப்பு விளைச்சலையும் தொடர்புபடுத்தி வரைபு வரைய வேண்டும் என்று மாணவர் முடிவு செய்தபோது, ஆண்டின் மொத்த மழைவீழ்ச்சியைக் கிடை அச்சில் வைக்க முதலில் எண்ணினர். பாடநூல்களில் எளிதாகக் கிடைப்பது அவ்வெண்ணே. உப்பளத்தில் வேலை செய்யும் ஒருவரின் மகன் அதை மறுத்தான். மொத்த மழை எவ்வளவு என்பதால் வாப்பாவுக்கு ஒன்றுமில்லை என்றான். மழை இல்லாத நாள்கள் எத்தனை தொடர்ச்சியாக வந்தன என்பதே தம் வீட்டில் பேசப்படுவது என்றான். அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நவம்பரில் ஒரு வாரம் கொட்டித் தீர்த்த மழையும், வறண்ட மாதங்களில் பத்து நாளைக்கு ஒரு முறை தூறிச் சென்ற மழையும் ஆண்டுத் தொகையில் ஒன்றாகவே எண்ணப்படலாம். முன்னது உப்பளத்தை அதிகம் பாதிப்பதில்லை; பின்னது பருவத்தையே விழுங்கிவிடும். அளவுமானியின் எண் பொய்யன்று. ஆனால் உப்பின் மொழியில் அது பேசவில்லை. “மழையின்றித் தொடர்ந்த நாள்கள்” என்று புதிய நிரல் ஒன்றை நாளாந்த மழைப் பதிவிலிருந்து நாமே கணித்துச் சேர்க்க வேண்டியிருந்தது. தொழிலை அறிந்தவன் தெரிவுசெய்யும் மாறி ஒன்று. ஏட்டை மட்டும் அறிந்தவன் தெரிவுசெய்வது மற்றொன்று. காலந்தவறிய மழையால் விளைச்சல் குன்றி, நாற்புறமும் கடல் சூழ்ந்த இந்நாடு 2025இல் இந்தியாவிலிருந்து உப்பை இறக்குமதி செய்ய நேர்ந்ததை நினைத்தால், இவ்வேறுபாடு வகுப்பறை வேடிக்கையன்று என்பது விளங்கும்.

ஓர் அச்சின் தெரிவு நாட்டின் வரலாற்றையே மாற்றி எழுத வல்லது என்பதற்கு இலங்கை உலகறிந்த சான்றாக இருக்கிறது. 1934–35ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோயில் இத்தீவில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். பருவமழை பொய்த்ததால் ஆறுகள் குட்டைகளாகி நுளம்பு பெருகியது என்று குடியேற்ற ஆட்சியினர் விளக்கினர், அது உண்மையே. சூரியமல் இயக்கத்தின் சார்பில் மருந்தும் உணவும் சுமந்து கிராமங்களுக்குச் சென்ற இடதுசாரி இளைஞர்களோ பட்டினியையும் வறுமையையும் சுட்டிக்காட்டினர், அதுவும் உண்மையே. ஒரே சாவுத்தொகைக்கு எதிரே ஒருவர் மழையை வைத்தார். மற்றவர் வெறும் வயிற்றை வைத்தார்.

பன்னிரண்டு ஆண்டுகளின் பின் இவ்விவாதம் மேலும் கூர்மையடைந்தது. 1946இல் டிடிடி தெளிப்புப் பரவலாகத் தொடங்கிற்று. அவ்வாண்டில் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 20 ஆக இருந்த இறப்பு வீதம் 1947இல் ஏறத்தாழ 14 ஆகச் சரிந்தது. கிடை அச்சில் ஆண்டையும் நிலைக்குத்து அச்சில் இறப்பு வீதத்தையும் வைத்து, 1946இல் ஓர் அம்புக்குறியிட்டு “டிடிடி” என்று எழுதினால் கதை முடிந்தது. மருந்துப் புகை மக்களைக் காத்தது என்பதே படத்தின் தீர்ப்பு. பல நூல்கள் இத்தீர்ப்பை அப்படியே ஏற்றன. ஆனால் மலேரியா அதிகம் இல்லாத மாவட்டங்களிலும் இறப்பு அதே காலத்தில் குறைந்ததே, அது எதனால் என்று பிரெடரிக்சன் போன்றோர் வினவினர். யுத்த காலத்தில் தொடங்கிய அரிசிப் பங்கீடு, பெருகிய மருத்துவமனைகள், மகப்பேற்றுப் பராமரிப்பு ஆகியவை அந்தப் படத்தின் எந்த அச்சிலும் இல்லை.

பின் வந்த ஆய்வாளர் கிடை அச்சையே மாற்றினர். ஆண்டை அகற்றிவிட்டு, டிடிடிக்கு முன் ஒவ்வொரு மாவட்டத்திலும் மலேரியா எவ்வளவு வேரூன்றியிருந்தது என்ற அளவை அங்கு வைத்தனர். அதை அளப்பதற்குப் பயன்பட்டது மண்ணீரல் வீதம். அதாவது பாடசாலைப் பிள்ளைகளின் வயிற்றை மருத்துவர் தொட்டுப் பார்த்து, மண்ணீரல் வீங்கியிருந்தவர் நூற்றுக்கு எத்தனை பேர் என்று எண்ணிய கணக்கு. ஒவ்வொரு மாவட்டமும் ஒரு புள்ளியாயிற்று. மலேரியா மிகுந்த மாவட்டத்தில் இறப்பு மிகுதியாகக் குறைந்ததா என்பதை இப்போது பார்க்கலாம். குறைந்தது, ஆயினும் முழுக் குறைவுக்கும் அது விளக்கமாகவில்லை. போருக்குப் பிந்திய இறப்புக் குறைவில் மலேரியாக் கட்டுப்பாட்டின் பங்கு ஏறத்தாழ 42 சதவீதம் என்று பீட்டர் நியூமன் 1965இல் கணித்தார், ஆர். எச். கிரே 1974இல் அதை 23 சதவீதம் என்று கணித்தார். இருவரின் கணிப்பிலும் பெரும்பங்கு வேறு காரணங்களுக்கே எஞ்சியது. டிடிடியின் பயனை நாம் இகழவில்லை. அது காத்த உயிர்கள் பல. ஆனால் சோறும் செவிலியரும் காத்த உயிர்களையும் அதன் கணக்கில் எழுதிவிட்டால், நாளை வரவுசெலவுத் திட்டத்தில் சோற்றையும் செவிலியரையும் வெட்டுவோருக்கு அப்படமே சாட்சியாகிவிடும்.

அச்சு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதும் தெரிவே. 1963இல் இலங்கையில் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே. வரைபை அங்கே முடித்தால் அது வெற்றிக் காவியம். இன்னும் ஐந்தாறு ஆண்டுகளை நீட்டினால், 1968–69இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டுவதைக் காணலாம். விழிப்புக் குன்றினால் நோய் திரும்பும் என்ற பாடம் அந்த நீட்டத்தில்தான் இருக்கிறது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இந்நாட்டை மலேரியா அற்ற நாடாக அறிவித்ததன் அருமையும் அந்நீட்டத்தைக் கண்டவருக்கே விளங்கும். இவ்வாறே, இலங்கையின் இலவசக் கல்வியும் சுகாதாரமும் உணவு மானியமும் மக்களின் ஆயுளை உயர்த்தினவா என்ற விவாதத்தில், சுர்ஜித் பல்லா 1960ஐத் தொடக்கமாகக் கொண்டு, பெரிய முன்னேற்றம் இல்லை என்றார். அமர்த்தியா சென் அதை மறுத்தார். அரிசிப் பங்கீடு 1942இலும் இலவசக் கல்வி 1945இலும் தொடங்கியிருக்க, பெரும் பயன் விளைந்து முடிந்த பின் அளக்கத் தொடங்கினால் பயன் எங்ஙனம் தெரியும் என்பதே அவர் வாதத்தின் சாரம். முதற் படிகளை வெட்டிவிட்டு ஏணியின் உயரத்தை அளப்பதற்கு இது நிகர்.

இக்கலை பிறந்தபோதே இக்குறையும் உடன்பிறந்தது. 1786இல் இங்கிலாந்தில் வில்லியம் பிளேபெயர் வெளியிட்ட நூலில் காலம் கிடை அச்சிலும் பணம் நிலைக்குத்து அச்சிலும் அமைந்தன. மேற்கிந்தியத் தீவுகளோடு இங்கிலாந்து நடத்திய வாணிபத்தின் ஏற்றுமதியும் இறக்குமதியும் அதில் அழகிய கோடுகளாய் ஓடுகின்றன. அவ்வாணிபத்தின் கரும்பை வெட்டிய அடிமைகளின் உயிருக்கு அங்கே கோடு இல்லை. இதற்கு நேர்மாறாக, 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சிக்கு அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டூ பொய்ஸ் அட்லாண்டாப் பல்கலைக்கழக மாணவரோடு சேர்ந்து கையால் வரைந்து வண்ணந்தீட்டி அனுப்பிய வரைபுகளில், அடிமைத்தளையினின்று விடுபட்ட மக்களின் எழுத்தறிவும் தொழிலும் அவர்கள் உழைத்துத் தேடிய நிலமும் அச்சேறின. தம்மைப் பற்றி எதை அளக்க வேண்டும் என்பதை அம்மக்களின் பிள்ளைகளே தீர்மானித்தனர். நம் கரையிலும் இதற்கு இடமுண்டு. களப்பைச் சூழ எழுந்த இறால் பண்ணைகளின் ஏற்றுமதி வருமானத்தை மட்டும் வரைந்து வந்தோர், 1996இல் வெண்புள்ளி நோய் பரவிப் பண்ணைகள் அழிந்தபோது திகைத்தனர். வெட்டப்பட்ட கண்டற் காடுகளையும் கைவிடப்பட்ட குளங்களையும் இன்னொரு கோடாக வரைந்து வந்திருந்தால் திகைக்க நேர்ந்திராது.

இனி நம் பாடசாலைக்கு வருவோம். இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அங்கு நிகழ்ந்ததே. ஆண்டறிக்கைக்காக மேலிடத்திலிருந்து ஒரு வரைபு கேட்கப்பட்டது. கிடை அச்சில் ஆண்டு. நிலைக்குத்து அச்சில் க.பொ.த. சாதாரண தரச் சித்தி வீதம். எண்களும் கைவசம் இருந்தன. கோடும் ஏறுமுகமாகவே இருந்தது. அதை வரைந்து முடித்த மாணவிகளுள் ஒருத்தி நெடுநேரம் திரையைப் பார்த்திருந்துவிட்டுக் கேட்டாள்: “சேர், ஆறாம் ஆண்டு எங்களோட இருந்த ஆக்கள் எல்லாரும் இதில இல்லையே. சோதின எழுதாம நின்ட புள்ளைகள் எந்தக் கோட்டுல வருவாங்க?”

சித்தி வீதம் என்பது சித்தியடைந்தோரைத் தோற்றியோரால் வகுத்து வருவது. தோற்றாதவர் தொகுதியிலும் இல்லை, பகுதியிலும் இல்லை. இடையில் நின்றவர்கள் பெரும்பாலும் படிப்பில் பின்தங்கியிருந்த ஏழைப் பிள்ளைகளே. அவர்கள் நிற்க நிற்க வீதம் உயரும். கோட்டின் ஏற்றத்தில் ஆசிரியரின் உழைப்பு எவ்வளவு, பிள்ளைகளின் மறைவு எவ்வளவு என்று அந்தப் படத்தைக் கொண்டு பிரித்தறிய வழியே இல்லை. 2016 முதல் 16 வயதுவரை கல்வி கட்டாயம் என்பது இந்நாட்டின் சட்டம். ஆறாந் தரத்தில் சேர்ந்தோரின் தொகையைப் பகுதியாக வைத்து வகுத்தால் கோடு எவ்வாறு இருக்கும் என்று மாணவர் வரைந்து பார்த்தனர். அது ஏறவில்லை, ஏறத்தாழத் தட்டையாகவே கிடந்தது.

நிகழாதவற்றையும் வராதவற்றையும் விட்டுவிட்டு வரைவதன் கொடுமையை விளக்க, அன்று வகுப்பில் சலஞ்சர் விண்ணோடத்தின் கதையைச் சொன்னோம். 1986 ஜனவரி 28ஆம் நாள் அது வானில் சிதறியபோது எழுவர் மாண்டனர். அவருள் ஒருவர் கிறிஸ்டா மக்கோலிப் என்னும் பள்ளியாசிரியை. கடுங்குளிரில் ராக்கெட்டின் இறப்பர் வளையங்கள் இறுக்கம் தளருமோ என்ற ஐயம் முதல்நாள் இரவே எழுந்தது. ஆனால் வளையம் சேதமுற்ற பறப்புகளை மட்டும் எடுத்து வெப்பநிலைக்கு எதிரே வைத்துப் பார்த்தபோது தெளிவான தொடர்பு தென்படவில்லை. சேதமுறாத பறப்புகளையும் சேர்த்தால் என்ன தெரியும் என்பதைப் பின்னர் விசாரணை ஆணைக்குழு காட்டியது: 66 பாகை பரனைற்றும் அதற்கு மேலும் நிகழ்ந்த 20 பறப்புகளில் சேதம் மூன்றில் மட்டும், 63 பாகையும் அதற்குக் கீழும் நிகழ்ந்த நான்கிலும் சேதம். விடை எண்களில் இருந்தது. பாதி எண்கள் படத்துக்கு வெளியே இருந்தன. கதையைக் கேட்ட வகுப்பு அமைதியாயிற்று. பின்வரிசையிலிருந்து ஒரு பையன், “அப்ப வராத புள்ளைகளத்தான் முதல்ல எண்ணணும்” என்றான்.

வராதவரை எண்ணத் தொடங்கினோம். வரவு இடாப்புகளிலிருந்து மாதந்தோறும் வராத நாள்களைத் தொகுத்தோம். பெயர் நிரலை முதலிலேயே நீக்கிவிட்டோம், எந்தப் பிள்ளையும் திரையில் அடையாளங் காணப்படலாகாது என்பதற்காக. மாதத்துக்கு எதிரே வராத நாள்களின் சராசரியை வரைந்தபோது வந்த கோட்டில் குறிப்பிடத்தக்க ஏற்ற இறக்கம் இல்லை. எல்லா மாதமும் ஒன்றுபோலவே பிள்ளைகள் வராதிருக்கிறார்கள் என்றும், ஆகவே இது சோம்பலே என்றும் சக ஆசிரியர் ஒருவர் கூறினார். சேர்விடாப்பில் தந்தையின் தொழில் என்றொரு நிரல் உண்டு. அதைக் கொண்டு பிள்ளைகளை இரு வகுப்பாய்ப் பிரித்துத் தனித்தனிக் கோடாக வரையலாம் என்று மாணவர் கூறினர். அவ்வாறு வரைந்ததும் ஒரு கோடு இரண்டு அலைகளாய்ப் பிரிந்தது. திறந்த கடலில் தொழில் செய்வோரின் பிள்ளைகள் சோளகம் வீசும் மே முதல் செப்டெம்பர் வரையில் மிகுதியாக வரவில்லை; தோட்டக்காரரின் பிள்ளைகள் மிளகாயும் வெங்காயமும் எடுக்கும் வாரங்களில் வரவில்லை. ஒன்றின் மேடும் மற்றதன் பள்ளமும் சராசரியில் ஒன்றையொன்று நிரப்பிக்கொண்டிருந்தன.

சோளகத்தில் மேற்குக் கரையின் கடல் கொந்தளிக்கும். கரைவலையும் சிறு படகும் ஓய்ந்துவிடும். உடப்பு முதலான ஊர்களிலிருந்து முல்லைத்தீவு, திருகோணமலைக் கரைகளுக்குச் சென்று வாடி அமைத்துத் தொழில் பார்த்துத் திரும்பும் வழக்கம் பழையது. குடும்பம் பெயர்ந்தால் பிள்ளையும் பெயர்கிறது. பெயராவிட்டால் வருவாய் குன்றிய வீட்டில் பிள்ளை கூலிக்குப் போகிறது. இரண்டாந் தவணை முழுவதும் இக்காற்றுக்குள் அடங்கிவிடுகிறது. தவணையை வகுத்தவர் கடலைக் கேட்டு வகுக்கவில்லை. “சோம்பல்” என்ற சொல் அதற்குப் பின் நம் ஆசிரியர் ஓய்வறையில் சற்றுத் தயங்கியே உச்சரிக்கப்பட்டது.

அச்சக ஆசிரியர் ஒரு மறுப்பைக் கூறினார். அதில் வலிமை உண்டு. இரண்டு அலைகள் ஒத்தோடுவதால் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று நிறுவப்பட்டுவிடுமா என்றார். நிறுவப்படாதுதான். தொடர்பு வேறு, காரணம் வேறு; காற்றோடு சேர்ந்தே வெயிலும் வருகிறது, காய்ச்சலும் வருகிறது. ஆகையால் வரைபு தீர்ப்பு வழங்கவில்லை, எந்த வீட்டுக்குப் போய் எதைக் கேட்க வேண்டும் என்பதைச் சொல்லியது என்று விடை கூறினோம். அவரும் நம்மோடு இரு வீடுகளுக்கு வந்தார்.

அவ்வாறு சென்ற ஒரு வீட்டில்தான், நம் விரிதாளில் எவ்வளவு தேடியும் தெரிவுசெய்ய முடியாத மாறி ஒன்று நம்முன் வந்து நின்றது. தந்தை தோட்டத்தில் கூலி. பிள்ளை அவ்வாண்டின் எல்லா மாதங்களிலுமே ஒழுங்காக வரவில்லை. இரு அலைகளில் எதிலும் அவள் அடங்கவில்லை. தாய் மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண்ணாய் உழைத்துக்கொண்டிருந்தாள். மூன்று தம்பி தங்கையருக்கும் சோறாக்கிப் போடுபவள் பதினான்கு வயதான அச்சிறுமியே. சேர்விடாப்பில் தந்தையின் தொழிலுக்கு நிரல் உண்டு. தாய் எங்கே இருக்கிறாள் என்பதற்கு நிரல் இல்லை. யாரோ ஒருவர் என்றோ தட்டச்சிட்டுவைத்த நிரல்களுள் ஒன்றைத் தெரிவுசெய்யவே மென்பொருள் நம்மை அனுமதிக்கிறது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தருவோர் என்று அத்தாய்மாரைப் பற்றிய வரைபு வேறொரு ஏட்டில் உயர்ந்துகொண்டிருக்கிறது. அந்தக் கோடும் இந்தச் சிறுமியின் வெற்று ஆசனமும் ஒரே படத்தில் இடம்பெற்றதை நாம் இதுவரை கண்டதில்லை.

மேலிடம் கேட்ட வரைபை அனுப்பினோம். அதன் கீழே, கேட்கப்படாத இரண்டாவதையும் வைத்தே அனுப்பினோம். ஆண்டறிக்கையில் முதலாவது மட்டும் அச்சாகி வந்தது. அதனால் மாணவர் சோர்ந்துவிடவில்லை. இவ்வாண்டு தொடக்கத்தில் வகுப்பு இடாப்பின் ஓரத்தில் அவர்களாகவே புதிய நிரல் ஒன்றைக் கோடிட்டு, “வீட்டில் பார்த்துக்கொள்பவர்” என்று தலைப்பிட்டனர். எழுத விரும்பாத பிள்ளை எழுத வேண்டியதில்லை என்பதும் அவர்களே வகுத்த விதி. காலை நேரத்தில் வரமுடியாத மூவருக்கு மாலை ஐந்து மணிக்கு மேல் கணிதம் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை மேல்வகுப்பு மாணவர் ஏற்றுள்ளனர். சிறுமியும் வருகிறாள், கடைசித் தங்கையை இடுப்பில் சுமந்துகொண்டு வருகிறாள்.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் நாம் விடுக்கும் வேண்டுகோள் சிறியது. உங்கள் கையில் ஒரு வரைபு கொடுக்கப்பட்டால், கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கும் முன் நான்கு வினாக்களைக் கேளுங்கள். கிடை அச்சில் இதை வைத்தவர் யார்? எந்த ஆண்டில் தொடங்கி எந்த ஆண்டில் நிறுத்தினார்? பகுதியில் எண்ணப்படாதவர் எவர்? எந்த நிரல் இன்னும் கோடிடப்படவேயில்லை? நான்காவது வினாவுக்குக் கணினியிடம் விடை இராது. அதற்கு இடாப்பை மூடிவிட்டு, வராத பிள்ளையின் வீட்டு வாசல்வரை நடந்தே ஆகவேண்டும்.